மாதம் 99 ரூபாய் கட்டி ஆப்பிள் டிவி பார்ப்பது தேறுமா?

கேள்வி (செல்லூர், மதுரை): இணையத்தில் படமும் தொடரும் காட்டும் இந்தச் சேவையால் ஆப்பிளுக்கு வருடம் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2025 மார்ச்சில் செய்தி வந்தது. இழுத்து மூடிவிடுவார்களோ என்று யோசனை. ராத்திரி பத்தரைக்குக் கடை அடைத்து வந்து, சோற்றுத்தட்டோடு உட்கார்ந்து ஒரு பாகம் பார்ப்பேன். எனக்குக் கிடைக்கும் ஓய்வே அதுதான். கட்டலாமா?

பதில் 1 (திருமங்கலம்): தாராளமாகக் கட்டுங்கள் அண்ணே. ஐபோன் விற்ற காசு தாங்குகிறது. 2022-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியதும் இவர்கள் படம்தான். விளம்பரத் தொல்லையும் இல்லை. ஆனால் விலை இப்படியே இருக்காது. அமெரிக்காவில் 2019-இல் 4.99 டாலர், 2025-இல் 12.99 ஆகிவிட்டது.

பதில் 2 (மேலூர்): வீட்டில் யார் யார் பார்க்கிறீர்கள்? ஆப்பிள் டிவியில் பெரும்பாலும் அவர்களின் சொந்தத் தயாரிப்புதான். என் அம்மா பழைய தமிழ்ப் படம் தேடிச் சலித்து, ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது, மறுமாதம் நிறுத்திவிட்டேன்.

செல்லூர்: வீட்டில் நானும் தம்பியும்தான். சரி, ஒரு மாதம் கட்டிப் பார்க்கிறேன்.