கடலோரத்தில் கிளீன்ரூம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

புதுவைப் பேராசிரியர்:
சிலிக்கானில் நுண் கருவிகள் செய்வதற்காக, தூசியும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிளீன்ரூமாக அமைத்த எங்கள் கல்லூரியின் நானோ ஃபேப்ரிகேஷன் ஆய்வகத்தில் கண்ட ஒரு காட்சி இன்னும் மனத்தை உறுத்துவதால் எழுதுகிறேன். தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி, ரெசிஸ்ட் எனும் ஒளியுணர் பூச்சைக் கெடுக்காத மஞ்சள் விளக்கு, அந்தப் பூச்சில் ஒளியால் வடிவம் பதிக்கும் மாஸ்க் அலைனர் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. துகள் எண்ணிக்கையிலும் அறை தேறிவிட்டது. ஆனால் மின்கட்டணத்தைக் காரணம் காட்டி, அறைக் காற்றைச் சீராக்கிச் செலுத்தும் ஏ.எச்.யூ.வை இரவில் நிறுத்திவிட வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வழக்கமாக 45 விழுக்காட்டில் நிற்கும் ஈரப்பதம் 74-ஐத் தொட்டிருந்தது. சூடேற்றிய வேஃபர் (சிலிக்கான் வில்லை) ஆறுவதற்குள் அதன் மேல் மீண்டும் ஈரம் படிந்துவிட்டது, ரெசிஸ்ட் ஒட்டிக்கொள்ள உதவும் எச்.எம்.டி.எஸ். பூசியும் பயனில்லை. மாணவி அதை, பதித்த வடிவத்தை வெளிக்கொணரும் டெவலப்பரில் அமிழ்த்தியதும், 50 மைக்ரான் அகலமுள்ள ரெசிஸ்ட் கோடுகள்கூட ஒவ்வொன்றாகப் பிடி விட்டு, உதிர்ந்த தலைமுடியைப் போலக் கரைசலில் மிதந்தன. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடிக்கணக்கில் கருவி வாங்குவதற்குக் கையெழுத்திடுபவர்கள், காற்றுக்கு ஆகும் செலவை மட்டும் வீண் என்று கருதுவது ஏன்?

கடலூர் ஆய்வாளர்:
ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். ஈரப்பதத்தின் கேடு அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். உப்பின் கேடு அப்படிப் படாது. காற்றின் தூய்மையை அளவிடும் ஐ.எஸ்.ஓ. தரத்தில் 5-ஆம் வகுப்பு அறையில், அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் 3,520-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தத் துகள் எதனால் ஆனது என்பதை அந்த எண் சொல்வதில்லை. எங்கள் ஊரில் மின்சாரம் போய், வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும் அறையின் மிகையழுத்தம் விழுந்துவிட்டால், கதவிடுக்கு வழியே நுழைவது கடற்காற்று. அப்படி ஒரு மின்தடைக்குப் பிறகு செய்த மாஸ் மின்தேக்கியை (உலோகம், ஆக்சைடு, சிலிக்கான் அடுக்குகளால் ஆனது) 200 டிகிரியில் நேர் மின்னழுத்தத்தில் வைத்துவிட்டு மறுபடி அளந்தேன். மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்தேக்குதிறன் மாறுவதைக் காட்டும் சி-வி வரைகோடு இரண்டு வோல்ட்டுக்கு மேல் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ஆக்சைடுக்குள் சோடியம் அயனிகள் நடமாடுகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. 1960-களில் மாஸ் டிரான்சிஸ்டர் செய்தவர்களை அலைக்கழித்ததும் இதே சோடியம்தான். வியர்வையிலிருந்தும் கண்ணாடிக் கலன்களிலிருந்தும்கூட அது வரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மின்தடைக்கு முன் அதே கைகளால், அதே கலன்களில் செய்தவை அசையாமல் நின்றன.

முன்னாள் ஆய்வக மேற்பார்வையாளர்:
என் அனுபவம் சிறியது. ஆக்சைடை அரிக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மணிக்கட்டில் பட்டதை உணராமலே ஒரு மாணவர் விடுதிக்குப் போய்விட்டார். மாலையில்தான் வலி தொடங்கியது. நீர்த்த அமிலம் உடனே எரியாது. தோலுக்குள் இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். ஆகவே ஆய்வகம் அமைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அமிலப் புட்டி வருவதற்கு முன்பே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு வந்திருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது இரவுக் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்தாத, 18.2 மெகாஓம் தூய நீருக்கான கருவியை, உள்ளூர் நிலத்தடி நீரைச் சோதித்த பிறகே தேர்ந்தெடுங்கள்; நம் பகுதியில் உவர்நீர் கருவியின் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) விரைவிலேயே கெடுத்துவிடும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியைப் பேருந்து ஓடும் சாலைப் பக்கம் வைக்காதீர்கள்; அதிர்வு படத்தைக் கலைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழு ஆய்வகம் தேவைதானா என்று யோசியுங்கள். 2008 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் வெளி ஆய்வாளர்களுக்குத் தங்கள் நானோ ஆய்வகங்களைத் திறந்துவிட்டிருக்கின்றன. நுண்ணிய வேலையை அங்கே முடித்துக்கொண்டு, இங்கே, துகள் வரம்பு அவ்வளவு கடுமையில்லாத ஐ.எஸ்.ஓ. 7 வகுப்பில் சிறிய அறை ஒன்றைச் சரியாக நடத்தினாலே போதும்.

புதுவைப் பேராசிரியர்:
அமிலம் குறித்த எச்சரிக்கைக்கு நன்றி. களிம்பு எங்களிடம் உள்ளது. ஆனால் பெங்களூருக்குப் போய்வர இயலாத மாணவிகளே எங்களிடம் அதிகம். அவர்கள் தம் கையால் வேஃபர் செய்து பழக வேண்டும் என்பதற்காகவே இந்த அறையைக் கேட்டு வாங்கினோம். இரவில் ஏ.எச்.யூ.வை நிறுத்தாமல் குறைந்த வேகத்தில் ஓட்ட நிர்வாகம் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. கடலூர் நண்பரே, அந்த வேகத்தில் அறைகளுக்கிடையே எத்தனை பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தால் கடற்காற்று உள்ளே வராது என்று உங்கள் அனுபவத்தில் கண்டீர்கள்?