பட்டைத்தலை வாத்து ஊருக்குக் கிளம்பிவிட்டதா, குளம் வற்றியதால் இடம் மாறியதா?

மறுகால் ஓரம்:

வணக்கம். நாங்குநேரிக்குத் தெற்கே இருக்கிறேன். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் ஒரு பாசனக் குளம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு நண்பன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனான், அது தொற்றிக்கொண்டது, அன்றிலிருந்து ஞாயிறு காலை தவறாமல் போய் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாசி முதல் வாரம் வரை பட்டைத்தலை வாத்து அறுபதுக்குக் குறையாமல் இருந்தது. பகலெல்லாம் நடுத்திட்டில் தூக்கம், இருட்டும் நேரத்தில் கத்திக்கொண்டே வயல் பக்கம் மேயக் கிளம்பும். போன ஞாயிறு போனால் ஒன்றுகூட இல்லை. குளமும் பாதிக்கு மேல் வற்றிவிட்டது, பிசான நெல் அறுவடையும் ஏறக்குறைய முடிந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர் “எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குப் போயாச்சு” என்கிறார். வலசை திரும்பிவிட்டதா, தண்ணீர் இல்லாமல் பக்கத்துக் குளத்துக்குப் போனதா, எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொன்று. சாயங்காலம் கரையோரச் சீமைக்கருவேலத்தில் வந்து அடையும் சூறைக்குருவிகள் தீபாவளி சமயத்தில் அழுக்கு நிறத்தில் இருந்தன. இப்போது பாதிக்கு மேல் நல்ல ரோஸ் நிறம், தலை கன்னங்கரேல் என்று. அதே பறவைதானா?

பொருநைக்கரை:

தம்பி, இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். பிரித்துப் பார்க்க நான் செய்வது இது: குளத்தில் புள்ளிமூக்கு வாத்து இருக்கிறதா பாருங்கள். அது வருடம் முழுக்க நம் பக்கத்திலேயே இருக்கிற வாத்து. முக்குளிப்பான், தாழைக்கோழியும் அப்படித்தான். தண்ணீர் போதாமல் இடம் மாறுவதென்றால் இவையும் சேர்ந்து குறையும். இவை நிம்மதியாக இருக்க பட்டைத்தலை மட்டும் காணோம் என்றால் கிளம்பிவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும்தான். ஏனென்றால் பட்டைத்தலைக்குக் குளம் படுக்க மட்டும், சாப்பாடு புல்லும் பயிரும், அதனால் வயல் காய்ந்தால் தண்ணீர் கிடந்தாலும் வேறு பக்கம் பார்க்கும். எனவே அதே வாரத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தையும், தண்ணீர் நிற்கிற இன்னொரு குளத்தையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

பெரியவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் ஆஸ்திரேலியா கிடையாது. வருடா வருடம் செய்திகளில் இதே கதைதான், கூந்தன்குளத்தில் கூடு கட்டுகிற மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாவற்றுக்கும் ஆஸ்திரேலியா, சைபீரியா என்று விசா குத்திவிடுவார்கள். அவை நம் நாட்டுப் பறவைகள், இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. நிஜமாகவே தூரத்திலிருந்து வருவது பட்டைத்தலைதான். அது முட்டையிடுவது மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில். போக வர இமயமலையைத் தாண்ட வேண்டும், கருவி பொருத்திவிட்ட வாத்துகள் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. நம் வயலில் நெல்லைப் பொறுக்கிய அதே வாத்து!

சூறைக்குருவி விஷயம்: அதே பறவைதான், புது இறகு எதுவும் முளைக்கவில்லை. இங்கே வந்து இறகு மாற்றும்போது ஒவ்வொரு இறகின் நுனியிலும் மங்கலான ஓரம் இருக்கும், அது மேலே மூடிக்கொண்டிருப்பதால் பறவையே அழுக்காகத் தெரியும். மாதக்கணக்கில் பறந்து உரசி அந்த ஓரம் தேய்ந்துபோக, அடியில் இருந்த ரோஸும் கருப்பும் வெளியே வருகிறது. சட்டை பழசாகப் பழசாக மாப்பிள்ளை ஆகிற ஒரே ஆள் இதுதான் என்று நான் சொல்வதுண்டு. கூட்டத்தில் மங்கலாகவே இருப்பவை பெரும்பாலும் போன வருடத்துக் குஞ்சுகளாக இருக்கும். பக்கத்தில் முருக்கமரமோ இலவமரமோ பூத்திருந்தால் காலையில் அங்கே போய் நில்லுங்கள், தேன் குடிக்க வந்து மரத்தையே இரண்டாக்கும். சித்திரை வாக்கில் இவையும் கிளம்பி மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போய், வெட்டுக்கிளி பெருகுகிற இடமாகப் பார்த்துப் பாறை இடுக்கில் கூட்டமாகக் கூடு கட்டும். ஆடி, ஆவணியில் முதல் கூட்டம் இந்தியாவுக்குள் திரும்பிவிடும்.

உப்பளத்தான்:

நான் வேதாரண்யம் பக்கம். இங்கே கோடியக்கரையில் வாத்தைவிட உள்ளான்கள்தான் பங்குனியின் வேடிக்கை. மார்கழியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், எதையும் பிரிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிடுவோம். இப்போது வாருங்கள். வளைமூக்கு உள்ளான் வயிறு செங்கல் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கும், கருவால் மூக்கன் கழுத்தில் துரு ஏறியிருக்கும். சூறைக்குருவி மாதிரி தேய்ந்து வருவதில்லை, இவை நிஜமாகவே இறகு மாற்றுகின்றன. கூடவே ஓயாத சாப்பாடு. உடம்பில் கொழுப்பு ஏறி உருண்டையாகிவிடும், அதுதான் வழிச்செலவுக்குப் பணம். வளைமூக்கும் கொசுவும் ஆர்க்டிக் கரை வரைக்கும் போக வேண்டுமே.

வைகாசியிலும் உப்பளத்தில் சாம்பல் நிற உள்ளான்கள் நின்றால் “அடிபட்டுத் தங்கிவிட்டது” என்று பதற வேண்டாம். முதல் வருடத்துக் குஞ்சுகள் நிறைய அந்தக் கோடை முழுக்க இங்கேயே இருந்துவிடும், முட்டையிடும் வயது வராமல் அவ்வளவு தூரம் போய் என்ன செய்ய.

அப்புறம், காலில் வளையமோ கலர்க் கொடியோ தெரிந்தால் எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம் என்று படத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல வருடங்களாக வளையம் போடுகிறது. வெறுமனே “வளையம் பார்த்தேன்” என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

நோட்டுப்புத்தகம்:

எல்லோரும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். முதலில் வந்த தேதியை யாரும் மறப்பதில்லை, ஐப்பசியில் முதல் வாலாட்டியைப் பார்த்தால் ஊருக்கே சொல்கிறோம். கடைசியாகப் பார்த்த தேதி அப்படி இல்லை. பார்க்கிற அன்றைக்கு அது கடைசி என்று தெரியாது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போய், இல்லை என்று எழுதினால்தான் முந்தைய தேதி கடைசித் தேதி ஆகும். நம்மில் பலர் வாத்து போனதும் குளத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறோம், வெயில் வேறு. 2007-இல் மைக்ரண்ட்வாட்ச் தொடங்கியதே இப்படி வந்த தேதி, போன தேதிகளைத் திரட்டத்தான், பின்னால் அது இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தோடு சேர்ந்துவிட்டது. இ-பேர்டில் பார்த்த பறவை முழுவதையும் போட்டு “முழுப் பட்டியல்” என்று கொடுத்தால், அதில் இல்லாத பறவை அன்றைக்கு உங்கள் கண்ணில் படவில்லை என்பதும் பதிவாகிவிடும். வாத்து இல்லாத குளத்துக்கும் போங்கள்.

மூன்றாவது மாடி:

நான் சென்னை, குளமெல்லாம் இல்லை, அடுக்குமாடி வீடும் ஒரு வேப்பமரமும்தான். போன ஏப்ரலில் விடிகாலை பால்கனிக் கண்ணாடியில் தொம் என்று ஒரு சத்தம், போய்ப் பார்த்தால் ஆறுமணிக்குருவி, பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமம், வாய் திறந்து கிடக்கிறது. பதற்றத்தில் நான் அதன் வாயில் தண்ணீர் ஊற்றினேன். தப்பு. மூச்சுக்குழாயில் போய்விடுமாம். நல்லவேளை அது துப்பிவிட்டது. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் போனில் சொன்னபடி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, இருட்டான அறையில் யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டோம். என் பெண் மட்டும் நாலு தடவை எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் மரத்தடியில் பெட்டியைத் திறந்தோம், இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுப் பறந்தது.

இது இரவில் பயணம் செய்கிற பறவை, குளிர்காலம் முழுக்க தெற்கே இருந்துவிட்டு மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் கூடு கட்டப் போகும் வழியில் ஊருக்குள் வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் மாட்டிக்கொள்கிறது. அதனால் மார்ச் கடைசியிலிருந்து இரவில் பால்கனி விளக்கை அணைத்துவிடுகிறோம், கண்ணாடிக்கு வெளியே பழைய கொசுவலையும் கட்டிவிட்டேன், அழகாக இல்லை, பரவாயில்லை. வேப்பமரத்தடிப் புதரில் ஐந்து மாதமாக ‘டக், டக்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நாணல் கதிர்க்குருவி போன வாரம் மெதுவாகப் பாட ஆரம்பித்திருக்கிறது, அதுவும் மூட்டை கட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மறுகால் ஓரம்:

எல்லோருக்கும் நன்றி. பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னபடி இன்று மூன்று குளம் சுற்றினேன், முதுகு விட்டுப்போச்சு. எங்கள் குளத்தில் புள்ளிமூக்கு 22, முக்குளிப்பான் 9, இரண்டுமே முன்பு இருந்த அளவுதான். வலசை வாத்துகளில் ஊசிவால் 7, நீலச்சிறகி 30-க்கு மேல். பட்டைத்தலை இல்லை. கிழக்கே உள்ள குளத்திலும் இல்லை. கூந்தன்குளத்தில் தூரத்தில் நாலு நின்றன, அதில் ஒன்று ஒரு பக்கமாகச் சிறகைத் தொங்கப் போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு நாலையும் “இன்னும் கிளம்பாதவை” என்று எழுதுவதா என்று குழப்பம்.

உப்பளத்தான்:

நாலு என்றே எழுதுங்கள். சிறகு விஷயத்தைக் குறிப்பில் போடுங்கள். அங்கே இருக்கிற வனத்துறை ஆட்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்கள் தினமும் பார்ப்பார்கள்.

மறுகால் ஓரம்:

சொல்லிவிட்டேன். அவர்களும் மூன்று நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். எங்கள் குளத்துக்குப் பூஜ்யம் போட்டாயிற்று. அடுத்த ஞாயிறும் போகிறேன், ஊசிவாலுக்காக.