மகளிடம் கத்திவிட்டு மறைக்கல்வி வகுப்பில் போய் நிற்கிறேன். நான் சொல்லிக்கொடுக்கலாமா?

கேட்டவர்: நண்டுக்கரை அம்மா, தங்கச்சிமடம்

வீட்டுக்காரர் நாட்டுப்படகில் நண்டு வலை விடுகிறார். விடியற்காலையில் படகு வந்ததும் வலையிலிருந்து நண்டு கழற்றுவது என் வேலை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்குக் கோயிலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். ஆறு வருடமாகிறது.

நண்டு கழற்றுவதற்குப் பொறுமை வேண்டும். நைலான் நூல் கால் இடுக்குக்குள் போய் இறுகிக் கிடக்கும். கொடுக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசியாகச் சுற்றிய நூல் எதுவென்று பார்த்து அதைத்தான் முதலில் எடுக்கணும். அவசரப்பட்டு இழுத்தால் கால் கையோடு வந்துவிடும். கால் போன நண்டு எடை போடும்போது தனியாக ஒதுங்கிவிடும், விலையும் இறங்கிவிடும்.

போன சனிக்கிழமை என் மகள் ஒத்தாசைக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. நல்ல பெரிய நண்டாக நாலுக்குக் கால் ஒடித்துவிட்டாள். திங்கட்கிழமை குழுக்கடன் கட்ட வேண்டும், அந்த நினைப்பிலேயே இருந்தேன். கரையில் அத்தனை பேர் முன்னால் "நீ எதுக்குத்தான் பிறந்தியோ" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. கையில் இருந்த நண்டை மெதுவாக மணலில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பாடம் 1 கொரிந்தியர் 13. "அன்பு பொறுமையுள்ளது" என்று வாசித்தேன். இரண்டாவது வரிசையில் என் மகள் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிள்ளைகளை அந்த வசனத்தை எழுதச் சொல்லிவிட்டுச் சீக்கிரமே அனுப்பிவிட்டேன்.

அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் சொல்வார். கலங்கரை விளக்கம், உப்பு, காற்று மாறுவது, இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் வெளியே இருப்பவை. எனக்குள் இருக்கும் இந்தக் கோபத்தை என்ன செய்வது? வெளிவேடக்காரர் என்று ஆண்டவர் சொன்னது என்னைத்தானா? வகுப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பாம்பன் பெரியவர்

மகளே, விடாதே. உங்கள் ஊர் வேர்க்காட்டில் யார் கோயில் கொண்டிருக்கிறார்? சந்தியாகப்பர், அதாவது ஆண்டவரின் சீடர் யாக்கோபு. ஜூலை 25 திருநாளுக்கு எல்லா மதத்துச் சனமும் அங்கே வருகிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று மாற்கு, லூக்காவில் படித்துப் பார். அவருக்கும் தம்பி யோவானுக்கும் ஆண்டவரே வைத்த பெயர் இடியின் மக்கள். ஆண்டவருக்கு இடம் தராத சமாரியர் ஊரின்மேல் வானத்திலிருந்து தீ வரட்டுமா என்று கேட்டவர்கள் அவர்கள் (லூக்கா 9:54). ஆண்டவர் கண்டித்தார், ஆனால் துரத்தவில்லை. அதே சந்தியாகப்பர்தான் பிறகு ஏரோது அரசனின் வாளுக்குத் தலை கொடுத்தார். பன்னிரு சீடரில் முதலில் உயிர் கொடுத்தவர் அவர்.

ஆண்டவர் கூப்பிட்டபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? படகில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார் (மாற்கு 1:19). நான் 50 வருடமாகச் செய்கிற வேலை. கிழிசலை அப்படியே வைத்துப் பின்ன முடியாது. பிய்ந்து தொங்கும் நூலையெல்லாம் கத்தியால் வெட்டி எடுக்கணும். ஓட்டை முன்னைவிடப் பெரிதாகும், பார்க்கவே பயமாக இருக்கும். அப்புறம் மூன்று கால், அதாவது மூன்று பக்க நூல், உறுதியாக நிற்கிற ஒரு முடிச்சைத் தேடி, அங்கேயிருந்துதான் ஊசியைத் தொடங்கணும். நல்ல முடிச்சு இல்லாத இடத்தில் தொடங்கினால் அடுத்த தடவை வலை விடும்போதே பிரிந்துவிடும்.

மண்டபம் அக்கா

தங்கச்சி, நான் சிஎஸ்ஐ சபை. நர்ஸாக இருக்கிறேன். ஐயா சொன்னது அருமை, ஆனால் ஒன்று சொல்லணும். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குவதற்கு முன்னால் மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

நான் ஒருமுறை ஒரு பாட்டியிடம் மாத்திரை விஷயமாகக் கத்திவிட்டேன். அன்று இரவே சபையில் அதைச் சாட்சியாகச் சொல்லி அழுதேன், எல்லாரும் தேற்றினார்கள். பாட்டியிடம் மட்டும் போகவில்லை. மறுநாள் போனால் கட்டில் காலி, வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். இன்றுவரை அது என்னை விடவில்லை.

"பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற வசனத்தை நாம் அவசரமாக எடுத்துக்கொள்கிறோம். தன்னை முள்ளாய்க் குத்திய வேதனை நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்ட பிறகுதான் ஆண்டவரிடமிருந்து அந்தப் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்கும்போது கடன், நண்டு, எதையும் சேர்க்காதீர்கள். "நான் சொன்னது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள்.

உபதேசியார் மகன், தொண்டி

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாற்கு எழுதியது கிரேக்கத்தில். வலையைச் சரிபார்ப்பதற்கு அவர் போட்ட அதே வினைச்சொல்லைத்தான் பவுல் கலாத்தியர் 6:1-இல் தவறிப்போனவரைக் கனிவோடு திருத்துவதற்கும் போடுகிறார். அதே வசனத்தில், திருத்துகிறவரும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வகுப்பில் சொல்லுங்கள் அக்கா.

நண்டுக்கரை அம்மா

எல்லாருக்கும் நன்றி. மண்டபம் அக்கா, நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. நான் கேட்கவில்லைதான்.

நேற்று ராத்திரி அவள் பாயில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் சொன்னது தப்பு என்றேன். காரணம் சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்கம்மா" என்றாள். நான் கத்தியதைவிட அதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை கரைக்கு வருகிறாயா என்று கேட்டேன். இந்த வாரம் வேண்டாம் என்றாள். சரி என்றேன். அங்கே இருந்தவர்களிடமும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது, காலையில் சொல்வேன்.

வகுப்பை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தியாகப்பரைத்தான் எடுக்கப்போகிறேன், தீ கேட்ட இடத்திலிருந்து. மகள் சம்மதித்தால் மட்டும் எங்கள் கதையையும் சொல்வேன். பாம்பன் ஐயா, உங்களிடம் கிழிந்த வலைத்துண்டும் ஒரு ஊசியும் இருந்தால் தருவீர்களா? மூன்று கால் முடிச்சு எதுவென்று பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கணும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.