புதுப்பிப்பு: பல் மருத்துவம் 4ஆம் ஆண்டு, தூக்கமின்மை

கிளினிக்குக்கு முந்தைய இரவு தூக்கமே இல்லை, படிப்பை விட்டுவிட்டு டர்பனில் உள்ள என் ஊரான சாட்ஸ்வொர்த்துக்கே திரும்பிவிடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் சாடாக் (SADAG, தென்னாப்பிரிக்க மனநல உதவி அமைப்பு) உதவி எண்ணை அழைத்தேன். மனம் விட்டுப் பேசியது ஆறுதலாக இருந்தது. ஆனால் பெரிய மாற்றம் இங்கே பதில் எழுதிய டர்பன் அக்கா சொன்ன யோசனையால்தான்: நோயாளிகள் வராததால், மாணவர்கள் செய்து முடிக்க வேண்டிய சிகிச்சைகளின் கட்டாய எண்ணிக்கை நிறையவில்லை என்று மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்வது. வேர் சிகிச்சையில் எனக்கு இரண்டு குறைவு. காத்திருப்போர் பட்டியலிலிருந்து வேறு இருவரை ஒதுக்கித் தந்தார். அன்றிரவே தூங்கினேன். இதை மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்திருக்க வேண்டாம்.

எதிர்பாராத ஒன்று: கழுத்துவலியும் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இருக்கை உயரத்தைச் சரிசெய்து, குனியாமல் வேலை செய்யப் பழகியதும் குறைந்தது.

அப்புறம், ஆலோசகரை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். படிப்பை விடவில்லை.