ரசமட்டம் சரியாகக் காட்டுகிறது, ஆனால் ஸ்லைடு முழுதாக வெளியே வரவில்லை. உதவுங்கள்

கேட்டவர்:
நண்பர்களே, அவசரமாக ஒரு சந்தேகம். நேற்று இருட்டும் நேரத்தில்தான் முகாமிடத்துக்கு வந்து சேர்ந்தோம். வண்டி பெரிய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி), நிறுத்திய இடத்தில் மட்டமாகத் தூக்கி நிறுத்த நான்கு ஹைட்ராலிக் ஜாக், ஓட்டுநர் பக்கம் நீளமான ஒரு ஸ்லைடு, அதாவது பொத்தானை அழுத்தினால் வெளியே நீளும் அறைப் பகுதி. எங்களுக்குக் கிடைத்த இடம் பின்பக்கம் சரிவு. ஜாக்குகள் தாமாகவே மட்டம் பிடிக்கும் ஆட்டோ லெவல் போட்டேன், பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அப்புறம் நானே பின் இடது, பின் வலது, முன் வலது என்று ஒவ்வொரு ஜாக்காக ஏற்றி இறக்கி ஒருவழியாகக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பின் டயர்கள் இரண்டு விரல் அளவு தரையை விட்டு எழும்பி நிற்கின்றன. ஸ்லைடை வெளியே விட்டால் முக்கால்வாசி வந்து முனகிக்கொண்டே நிற்கிறது, மேல் மூலையில் இடைவெளி தெரிகிறது, கீழ் மூலை உரசுகிறது. வாசற்கதவையும் அடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது. லெவல் சரியாக இருந்தும் ஏன் இப்படி?

பதில்:
தம்பி, ஸ்லைடு இருக்கட்டும், முதலில் டயரைப் பாருங்கள். பிள்ளைகள் உள்ளே இருந்தால் இறக்கிவிடுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பார்க்கிங் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அந்தச் சக்கரமே காற்றில் நின்றால் பிரேக் போட்டும் பயனில்லை, பின்பக்க எடை முழுவதையும் ஜாக் கால்கள்தான் தாங்குகின்றன. அவை மேலும் கீழும் தாங்கச் செய்தவை, பக்கவாட்டில் தள்ளினால் வளைந்துவிடும். சரிவு பின்பக்கம் என்றால் முன் சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக்கட்டை வையுங்கள். பிறகு ஸ்லைடை மெதுவாக உள்ளே இழுங்கள், அது உள்ளே போன பிறகுதான் ஜாக்கை இறக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. முட்டுக்கட்டை வைத்து, ஸ்லைடை உள்ளே இழுத்து, ஜாக்கை இறக்கிவிட்டேன். இறங்கியதும் வாசற்கதவு லேசாக மூடுகிறது! பேட்டரி 11.8 வோல்ட் காட்டுகிறது, அதுவும் காரணமாக இருக்குமா?

வேறொருவர்:
இருக்கும். நன்றாகச் சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும், 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. ஸ்லைடு மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும். இன்ஜினை ஓடவிட்டோ முகாம் மின்சாரத்தில் இணைத்தோ ஸ்லைடை இயக்குங்கள். முக்கி நிற்கும்போது பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், மோட்டார் சூடாகும், கியரும் போய்விடும்.

முதலில் பதில் சொன்னவர்:
பேட்டரி ஒரு பங்குதான். கதவு இறுகியது, இறக்கியதும் சரியானது, இது சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டகம்) முறுக்கிக்கொண்டதற்கு நல்ல அடையாளம். மூலைக்கு மூலை ஒற்றை ஜாக்கை ஏற்றினால் சட்டகம் ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கும். வண்டிக்குள் தரையில் நீங்கள் ரசமட்டம் வைத்த அந்த ஓரிடம் நேராக இருக்கும், ஆனால் ஸ்லைடு போய்வரும் சதுர வாய் கோணலாகியிருக்கும். முன் கண்ணாடி விரிசல் விடுவதும் இப்படித்தான். அதனால் எப்போதும் ஜோடி ஜோடியாக ஏற்றுங்கள். முன் இரண்டும் சேர்ந்து, பின் இரண்டும் சேர்ந்து, அப்புறம் இடது இரண்டு அல்லது வலது இரண்டு.

இன்னொன்று, சரிவு எவ்வளவு என்று முதலில் அளந்துவிடுங்கள். முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 6 மீட்டர் இருந்தால் ஒரு டிகிரி சரிவுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். உங்களுக்கு எத்தனை டிகிரி?

கேட்டவர்:
கைபேசியில் பார்த்தேன், இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் 20 சென்டிமீட்டருக்கும் மேல்! டயர் எழும்பியது இதனால்தானா?

முதலில் பதில் சொன்னவர்:
அதேதான். இடம் மாற்ற முடியாது என்றால் வண்டியைத் திருப்பி, மூக்குப் பக்கம் பள்ளத்தில் வருமாறு நிறுத்துங்கள். அப்போது தாழ்வாக இருப்பவை முன் சக்கரங்கள், பிரேக் உள்ள பின் சக்கரம் தரையிலேயே இருக்கும். முன் டயர்களுக்கு அடியில் அகலமான பலகைகளைப் படிபோல அடுக்கி 10 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி நில்லுங்கள், டயரின் முழு அடிப்பாகமும் பலகை மேல் உட்கார வேண்டும், ஓரம் தொங்கக்கூடாது. முட்டுக்கட்டையை இப்போது பின் சக்கரங்களுக்கு முன்னால் வையுங்கள். மிச்சத்தை ஜாக்கில் சரிசெய்யுங்கள். மண் இளகலாக இருந்தால் ஜாக் பாதத்துக்கு அடியிலும் பலகை வையுங்கள். திருப்பினால் ஸ்லைடு மறுபக்கம் போகும், அங்கே மரமோ மின்கம்பமோ இடிக்காது என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

வேறொருவர்:
அச்சுப் பிசகாத லெவலுக்காக மல்லுக்கட்டாதீர்கள். வாயுவில் ஓடும் அம்மோனியா பிரிட்ஜ் இருந்தால் அதில் திரவம் தன் எடையால்தான் இறங்கி ஓடும், அதனால் வண்டி சாய்ந்திருக்கக் கூடாது. ஆனால் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை பொதுவாகத் தாங்கும். கம்ப்ரஸர் பிரிட்ஜ் என்றால் அந்தக் கவலையே இல்லை. முதலில் லெவல், பிறகு ஸ்லைடு என்பதுதான் பெரும்பாலான வண்டிகளுக்கு முறை, சிலவற்றில் மாற்றிச் சொல்லியிருப்பார்கள், கையேட்டை ஒருமுறை பாருங்கள்.

கேட்டவர்:
திருப்பி நிறுத்திவிட்டோம். மின்சார வயர்தான் மறுபக்கம் சுற்றிப் போகிறது, நீளம் போதுமானது. முன் இரண்டு ஜாக்கையும் சேர்த்து ஏற்றினேன், நான்கு ஓரத்திலும் டயர் தரையிலோ பலகையிலோ உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் இணைத்து ஸ்லைடை விட்டேன், முனகல் இல்லாமல் ஒரே சீராக வந்து நின்றது, ரப்பர் நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறது. அரை டிகிரி சாய்வு இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். காலையில் ஜாக் மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன் அண்ணா.