சாமி ஒன்றுதான் என்றால் எதற்கு இத்தனை மதம்?

மதுமிதா அம்மா, ஆம்பூர்:
ஆறாவது படிக்கும் மகள் நேற்று சாப்பிடும்போது கேட்டாள்: "சாமி ஒண்ணுதான்னா எதுக்கு இத்தனை மதம்?" எல்லா ஆறும் கடலில்தானே சேருகிறது என்று தெரிந்த பதிலைச் சொன்னேன். "நம்ம பாலாறு சேரலையே, வெறும் மணலாத்தானே கிடக்கு" என்கிறாள். வேறு நல்ல பதில் இருந்தால் சொல்லுங்களேன்.

தென்றல்72:
நிலம்தான் காரணம். மலைக்குச் சேயோன், காட்டுக்கு மாயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நமக்குள்ளேயே இப்படி என்றால் உலகத்துக்குக் கேட்கவா வேண்டும்?

நாகை வேன்காரன்:
தென்றல் சொல்வது மதம் பிறந்த கதைக்குச் சரி. அது ஊர்விட்டு ஊர் வந்த கதைக்கு எங்கள் ஊரைப் பாருங்கள். சிக்கல் முருகன், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மூன்றும் எனக்கு ஒரே நாள் டிரிப். நாகூர் ஆண்டவர் வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங். வேளாங்கண்ணியில், புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கட்டிய கோயில் என்பார்கள். அதற்கெல்லாம் முன்னால், ராஜராஜன் காலத்தில், கடல் தாண்டிய கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் இங்கே புத்த விகாரம் எழுப்பினான். ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு எழுதிவைத்தான். பாதிக்கு மேல் கப்பல் கொண்டுவந்ததுதான்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார், ஒரு கண்ணில் புரை. நாகூரில் கண் பொறித்த வெள்ளித் தகடு ஒன்று வாங்கிப் போட்டார். வேளாங்கண்ணியில் இறங்கியதும் மறுபடி அதே கண்ணுக்கு இன்னொரு தகடு. "என்ன ஆத்தா, இங்கேயுமா?" என்றேன். "ஏன்டா, ரெண்டு டாக்டர்கிட்ட காட்டுறதில்லையா?" என்றார்.

குறும்பன்:
அண்ணே, அந்த விகாரத்தை மட்டும் டிரிப்பில் சேர்க்கவில்லையே?

நாகை வேன்காரன்:
இருந்தால் சேர்க்க மாட்டேனா தம்பி? மிச்சம் நின்ற கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். மண்ணுக்குள் கிடைத்த புத்தர் சிலைகளைப் பார்க்க எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். கடாரத்து வியாபாரி வருவது நின்றதும் அங்கே விளக்கேற்ற ஆள் குறைந்திருக்கும், இது என் கணக்கு. நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் ஊர்க்காரன் நேர்ந்துகொண்டு மொட்டை போடுகிறான். சாமி வெளியூர், மொட்டை உள்ளூர். அதனால்தான் அவை நிலைத்துவிட்டன என்று நினைக்கிறேன்.

மதுமிதா அம்மா, ஆம்பூர்:
ரொம்ப நன்றி அண்ணா. மகளுக்குப் படித்துக் காட்டினேன். ராஜராஜனை விட்டுவிட்டாள், பாட்டிக்குக் கண் சரியாயிற்றா என்று கேட்கச் சொல்கிறாள்.

நாகை வேன்காரன்:
திரும்பும்போது வேனிலேயே ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக்கொண்டு வந்தார்கள். அவர் மூன்றாவது டாக்டர் என்று சொல்லுங்கள் பாப்பாவிடம்.