ராயல் ஜெல்லி மூட்டு அழற்சிக்கு உண்மையிலேயே கேட்குமா?

ஈசூன்_மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, நாலைந்து வருடமாக முழங்கால் வலி. கோயிலில் பழக்கமான ஒருவர் போன வாரம் ராயல் ஜெல்லி மாத்திரைப் புட்டி ஒன்றைக் கொடுத்து, உடம்பில் இருக்கிற அழற்சியெல்லாம் வடியும், செல்கள் துருப்பிடிக்காது என்று சொல்லியிருக்கிறார். ஒரு மாத்திரை 1000 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறது. இணையத்தில் தேடினால் பாதிக்கு மேல் விற்கிறவர்களே எழுதியது. அம்மா இன்னும் புட்டியைத் திறக்கவில்லை, என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு, பம்ப் எப்போதும் கைப்பையில் இருக்கும். வேறு பெரிய நோய் இல்லை. கொடுக்கலாமா?

செங்காங்_குமரன்:
இது தேன் இல்லை சகோதரி. இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகளில் ஊறும் வெள்ளைக் கூழ், நாக்கில் வைத்தால் புளித்துச் சுரீரென்று இருக்கும். எல்லாப் புழுக்களுக்கும் முதல் மூன்று நாள் இது கிடைக்கும், ராணியாகப் போகிற புழுவுக்கு மட்டும் கடைசிவரை இதுதான். ராணி வருடக்கணக்கில் வாழ்வதைக் காட்டித்தான் விற்கிறார்கள், ஆனால் தேனீக்கு நடப்பது மனிதருக்கும் நடக்கும் என்று ஆகாது. இதில் 10-எச்டிஏ என்று ஒரு கொழுப்பு அமிலம் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் அது அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற புரதங்களைக் குறைக்கிறது, அது உண்மை. மனிதர்களிடம் செய்த சோதனைகள் சின்னவை, சில பத்துப் பேர், ஒன்றிரண்டு மாதம், பலவற்றில் நீரிழிவு உள்ளவர்கள். சிலவற்றில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்கள் துருப்பிடிப்பது என்று அவர் சொன்னதைக் காட்டும் எண்கள் கொஞ்சம் நல்ல பக்கம் நகர்ந்தன, சிஆர்பி போன்ற அழற்சி எண்கள் ஒரு சோதனையில் குறைந்தால் இன்னொன்றில் அப்படியே நின்றன. ரத்தத்தில் ஒரு எண் குறைவது வேறு, அம்மா படியேறும்போது வலி குறைவது வேறு. இந்த வயதில் முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், அதற்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும் நன்றாகவே கேட்கும்.

தேக்கா_அக்கா:
இழுப்பு என்று கடைசியில் சொன்னாயே, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் தங்கச்சி. கொடுக்காதே. என் நாத்தனாருக்கும் ஆஸ்துமா. யாரோ கொடுத்தார்கள் என்று ஒரே ஒரு மாத்திரை போட்டாள், அரை மணி நேரத்துக்குள் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, பேச்சே வரவில்லை. பம்ப் அடித்தும் அடங்கவில்லை, ஆம்புலன்ஸுக்கு 995 அழைத்தோம், வந்தவர்கள் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், விரல் நுனியெல்லாம் ஜில்லென்று இருந்தது. ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு இதனால் மோசமான ஒவ்வாமை வந்ததும் உயிரே போனதும் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் லேபிளிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்று சட்டம்.

ஜூரோங்_ராஜா:
அக்கா சொன்னதுதான் சரி. படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர் இதைச் சேர்த்துக்கொண்டதும் ரத்தக்கசிவு வந்ததாக மருத்துவ இதழில் பதிவு உண்டு. அப்புறம், சிங்கப்பூரில் இத்தகைய சத்து மாத்திரைகளுக்கு விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை, பாதுகாப்புக்கு விற்கிறவரே பொறுப்பு. கடையில் இருப்பதாலேயே யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஈசூன்_மகள்:
மூவருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது, உடனே அம்மாவுக்கு அழைத்தேன். முதலில் "இயற்கையானதுதானே" என்றார், நாத்தனார் கதையைச் சொன்னதும் சத்தமே இல்லை. புட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், கொடுத்தவரிடமும் பேச வேண்டும், அவர் வேறு யாருக்கெல்லாம் கொடுத்தாரோ. வியாழக்கிழமை பாலிகிளினிக்கில் முழங்காலைக் காட்டும்போது பயிற்சிக்கு யாரிடம் அனுப்புவார்கள் என்று கேட்கிறேன்.